பதிவேட்டில் மெர்லின்

பதினாறாவது கொண்டை ஊசி வளைவில்
ஜீப் சூடேறி நின்றது.
தண்ணீர் தேடி ஓட்டுநர் இறங்கிப் போக
மடியிலிருந்த கோப்பை மறுபடி புரட்டினேன்.

இல்லப் பராமரிப்பு நிறுவனம், ஐந்து ரோடு, சேலம்.
பயனாளி சி. பெரியண்ணன், வயது முப்பத்தெட்டு.
மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தவர்.
இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
பராமரிப்பாளர் மெர்லின், பட்டயப் படிப்பு,
மூன்று ஷிஃப்ட்.

மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே மெர்லினா
என்று சேலத்திலேயே கேட்டிருக்கலாம்.
அன்றைக்கு மேசையில் வேறு பதினொரு கோப்புகள்.

மஞ்சக்குட்டைக்கு மேலே, எஸ்டேட் லயனில்
மெர்லின் இல்லை.
சடைச்சி இருந்தாள்.
வெந்நீர்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு
முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

சான்றிதழ்?
எட்டாவது, பாதியில்.
காவல்துறை சரிபார்ப்பு?
ஸ்டேசன் பக்கமே போனதில்லீங்க.
தீயணைப்பான்?
மூலையில் குடத்தைக் காட்டினாள்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
போன ஆடியில் அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில்
கட்டிலோடு சேலையால் கட்டிப்போட்டிருந்த
ஒருத்தியின் மணிக்கட்டில்
முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல்
பேனாக்கத்தியால் அறுத்தவள் நான்.
இந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும்
அப்படி ஏதோ ஒரு முடிச்சிலிருந்து வந்ததுதான்.

போர்வையை விலக்கிப் பார்ப்பது என் வேலை.
பதினான்கு மாதம் படுத்த உடம்பு.
வால் எலும்பு, இரண்டு குதிகால், தோள்பட்டை,
ஒவ்வொன்றாய் விரல் வைத்து அழுத்தினேன்.
எங்கும் தோல் உடையவில்லை.

சுவரைப் பார்த்துக் கிடந்தவர் கேட்டார்:
"என் முதுவ நான் பாத்ததில்லீங்க மேடம்.
எப்பிடி இருக்குதுங்க?"

நல்லா இருக்குதுங்க என்றேன்.
அதை எழுத இடம் தேடினேன்.
'குறைபாடுகள்' என்று ஒரு பத்தி இருந்தது.
'பிற குறைபாடுகள்' என்று இன்னொன்று.

கட்டிலுக்கடியில் கிழித்த நாட்காட்டித் தாள்கள்,
பழைய பால் டப்பா நிறைய.
பின்பக்கமெல்லாம் பென்சிலில்
இ வ இ வ இ வ.
இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்த கணக்கு.
இடம், வலம்.
நடக்க முடியாதவரை இவள்
எவ்வளவு தூரம் நடத்திவந்திருக்கிறாள்.
ராத்திரி இரண்டு மணியை எப்படித் தெரிந்துகொள்வாய் என்றேன்.
"அதுக்கெதுக்குங்க மணி, முழிப்பு வந்திரும்."

பதிவேட்டில் மட்டும்
தினமும், மூன்று வேளையும், மெர்லின்.
எழுத்துக்கூட்டி எழுதிய மெர்லின்.
ர்-க்குப் புள்ளி சில நாள் உண்டு, சில நாள் இல்லை.

"அந்தப் புள்ள யாருன்னே தெரியாதுங்க.
இப்படிப் போடச் சொன்னாங்க, போட்டேன்."
நிறுவனத்துக்கு எஸ்டேட் கட்டுவது பதினெட்டாயிரம்.
சடைச்சிக்கு வருவது நாலாயிரத்து ஐநூறு,
அதுவும் அவர்கள் மலையேறும் மாதங்களில்.

"நீங்க எழுதினா நிறுத்திருவாங்களா?"
நிறுத்தலாம்.
"எழுதலைன்னா?"
நீ மெர்லினாவே இருப்ப.

பெரியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே காப்பிப்பழம் காயும் புளிப்பு வாசனை.
அவள் சட்டித் தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தாள்.
ஆறியிருக்க வேண்டும், மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.
முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:
"எழுதிப்போடுங்க."

அறிக்கையின் அடியில், இன்று பணியிலிருந்தவர்
என்ற இடத்தைத் திருப்பிக் காட்டினேன்.
உன் பேரு போடு.

ஈரக்கையோடு பேனாவைப் பிடித்தாள்.
கை தானாகவே
மெ
என்று ஆரம்பித்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு
அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.
பக்கத்தில் மெதுவாக,
கோட்டை விட்டு மேலேறும் எழுத்துகளில்
சடைச்சி.

அடித்தல் திருத்தலுக்கு
அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும், விதி.
அடிபட்ட அந்த மெ-வுக்கு அருகில்
என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.