நிகர எடை

பிச்சாட்டூரில் ஏரியைத் திறந்துவிட்டால்
ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் முங்கிவிடும்.
லாரி வராது.
எடைமேடைக் கூண்டைப் பூட்டிவிட்டு
நானும் நாத்தனார் தேசம்மாவும்
சத்தியவேடு பஸ் ஏறுவோம்.
என்ன படம் என்று இறங்கித்தான் கேட்போம்.
அப்படிப் பார்த்தவைதான் எல்லாம்,
என் பேச்சைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

சண்டைப் படம் பிடிக்கும்.
ஆனால் அவன் சுமோவை ஒற்றைக் கையால் புரட்டும்போது
வாய் தானாகச் சொல்லிவிடுகிறது:
ஆயிரத்து எழுநூறு கிலோ, ஆள் இல்லாமல்.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
தேசம்மா தொடையைக் கிள்ளுகிறாள்.
புரட்டட்டும், எனக்கென்ன.
புரட்டினவன் அடுத்த காட்சியில்
தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நம்பியிருப்பேன்.
மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம்.
அவன் நடந்து வருவது, திரும்பி நடப்பது,
கண்ணாடி மாட்டுவது எல்லாம் வண்டி எடை.
கழித்துப் பார்த்தால்
சரக்கு நாற்பது நிமிஷம்.

பேய்ப் படத்தில் பயமே வருவதில்லை.
பேய்க்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கிறது.
இடைவேளை முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.
அதற்கப்புறம் அது பேயில்லை,
மனு கொடுக்க வந்த பொம்பளை.
பயம் என்றால்
ராத்திரி இரண்டரைக்கு ஒரு லாரி மேடையேறி
விளக்கணைத்து நிற்கும்.
டிரைவர் இறங்கமாட்டான்.
தார்ப்பாய்க்குள் என்ன என்று நான் கேட்கக்கூடாது.
சிவப்பில் எண் ஏறிக்கொண்டே போகும்.

கொலைகாரன் யார் என்கிற படத்தில்
நான் கெட்டிக்காரி.
தெரிந்த முகம், இரண்டே வசனம்,
டீ கொடுத்துவிட்டுப் போனால் அவன்தான்.
அவ்வளவு பெரிய நடிகரை
டீ கொடுக்கவா கூப்பிட்டார்கள்?
ஒரே ஒரு தடவை தோற்றேன்.
அவர் நிஜமாகவே டீ கொடுக்கத்தான் வந்திருந்தார்.
பாவம், என்ன கஷ்டமோ.

காமெடிக்கு நான் கொஞ்சம் லேட்.
மதுராந்தகத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்,
தெலுங்கு காதில் விழுந்து, தமிழாகி,
சிரிப்பு வருவதற்குள்
திரையில் யாராவது செத்திருப்பார்கள்.
கொட்டகையே அமைதியாக இருக்க
என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும்.

காதல் படமா,
ஓடுகிற ரயிலில் தொற்றுவதை விட்டுவிட்டு
கேஸ் தீர்ந்துபோன ஒரு சாயங்காலத்தைக் காட்டட்டும்.
யார் யாரைக் காதலித்தார்கள் என்று
அப்போது தெரியும்.

அழுகைப் படத்தில் நான் அழுததில்லை.
அம்மா செத்து, வயலின் வாசித்து,
தேசம்மா முந்தானை நனைந்து,
நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் போன ஐப்பசியில் ஒரு படம்.
பெயர் மறந்துவிட்டது, சண்டைப் படம்தான்.
வில்லன் ஓடுகிறான், இவன் துரத்துகிறான்,
நடுவில் ஒரு எடைமேடை.
கூண்டுக்குள் நைலக்ஸ் புடவையில் ஒருத்தி
எண்ணைப் பார்த்து எழுதி,
சீட்டைக் கிழித்து,
ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.
இரண்டு நொடி.
கார்கள் போயின. கேமராவும் பின்னாலேயே போய்விட்டது.
கை நீட்டியபடியே இருந்தது.

அந்த எண் சரியா தப்பா என்று
நான் பார்க்கவேயில்லை.
கண் மறைத்தது.
அதற்கப்புறம் கப்பல் வெடித்ததாம்,
ஹெலிகாப்டர் வந்ததாம்.

பஸ்ஸில் தேசம்மாவைக் கேட்டேன்:
அந்தச் சீட்டை யார் வாங்கினார்கள்?
"எவரு வதினா?" என்கிறாள்.
அப்போது குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

தண்ணீர் வடிந்துவிட்டது.
முதல் லாரி, செங்கல்.
டிரைவர் போனில் பேசிக்கொண்டே
கையை மட்டும் நீட்டுகிறான்.
நான் சீட்டைக் கொஞ்ச நேரம்
விடாமல் பிடித்துக்கொள்கிறேன்,
அவன் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும்.