சிவப்புப் பத்தி

ஜனவரியில் கழகத்தை விட்டு ஏழு பேர் போனார்கள்.
நாலு பேர் கொழும்புக்கு, இரண்டு பேர் கட்டாருக்கு,
ஒருவர் மனைவியின் கடைக்கு.
மிஞ்சியது பண்டாரவளை மைதானம்,
இழுத்தால் அழும் ரோலர்,
விக்கெட்டுக்குப் பின்னால் கெப்டன் ருவன், நான்,
பிறகு பந்து வீச இந்த மூன்று பொடியன்கள்.

"இந்த வருசம் ஜெயிக்கச் சொல்லிக் கேட்க மாட்டோம்,
உடையாமல் வளர்ந்தால் போதும்" என்றார் மேனேஜர்.
சொன்னது பெப்ரவரியில்.
பெப்ரவரியில் எவரும் அப்படித்தான் பேசுவார்கள்.

கபிலேஷ் அப்புத்தளையிலிருந்து ரயிலில் வருவான்.
ஓடி வரும்போது தோள் இரண்டும் சண்டை பிடிக்கும்,
கடைசி அடியில் சமாதானமாகும்.
சந்தருவனுக்கு யோர்க்கர் வரும்.
எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.
இன்ஷாப் வெலிமடை; உருளைக்கிழங்கு லொறியில் தொற்றி வருவான்.
அவன் கையை விட்டுப் பந்து கிளம்பியதும்
மட்டைக்காரன்,
அடுப்பில் எதையோ விட்டு வந்தவன் போல
ஒரு கணம் நிற்பான்.
அது போதும்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
கறுப்பு மையில் ஓட்டம், சிவப்பு மையில் பந்து எண்ணிக்கை.
பத்தொன்பது வயது முதுகுக்கு
ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு.
முடிந்ததும் சிவப்புத் துணியைக் கம்பியில் போடுவேன்.
ருவன் என் பக்கம் பார்க்காமலே
பந்தை வேறொருவனிடம் எறிவான்.

மார்ச் கடைசியில் பதுளை அணியோடு ஆட்டம்.
இன்ஷாப்புக்கு நாலு விக்கெட். நாற்பத்தெட்டு முடிந்தது.
அவர்களுக்குக் கடைசி ஜோடி, பதினொரு ஓட்டம்.
"அக்கா, ஒன்றே ஒன்று" என்று
தூரத்திலிருந்து விரலைக் காட்டினான்.
மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார்.
ஒன்றும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தார்.
மழை வருமாம்.
துணி என் மடியிலேயே இருந்தது.

ஐந்தாவது பந்தில் நடு ஸ்டம்ப் படுத்தது. ஜெயித்தோம்.
ரோல்ஸும் பிளேன்டீயும் மேனேஜர் கணக்கில்.
கறுப்பில் அந்த ஐந்தும் இருக்கின்றன.
சிவப்பில் 48 என்று எழுதினேன்.

என் அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவள்.
தராசில் பதினெட்டு கிலோ நிற்கும்,
புத்தகத்தில் பதினைந்து ஏறும்.
ஈரத்துக்கு என்பார்கள், சாக்குக்கு என்பார்கள்.
அந்தப் பேனாவைத் திட்டித் திட்டியே
என்னை ஏ.எல். வரை படிக்க வைத்தாள்.
எழுத நன்றாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஜூனில் இன்ஷாப்பால் குனிந்து
சப்பாத்து நாடா கட்ட முடியவில்லை.
தியத்தலாவை ஆஸ்பத்திரிப் படத்தில்
இடுப்புக்கு மேலே மயிரளவு ஒரு கோடு.
அந்த ஐந்து பந்தாலா என்று கேட்டேன்.
"அப்படிச் சொல்ல ஏலாது மிஸ்.
எலும்பு கணக்கு வைக்கும், தேதி வைக்காது."

எட்டு மாதம் ஓய்வு.
அவன் இப்போது என் பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில்
வைடுகளை எனக்கு முன்னால் சொல்கிறான்.
நடுவர் கை விரிக்கும் முன்பே.

இன்று கபிலேஷின் நாள். ஐந்து விக்கெட்.
பனி இறங்கி ஸ்லிப்பில் நின்ற இருவரையும்
அழித்துவிட்டது.
ருவனின் கையுறையில் பந்து விழும் சத்தத்தை வைத்துத்தான்
எண்ணுகிறேன்.
நாற்பத்தாறு.
நாற்பத்தேழு, மட்டையின் ஓரம் உரசி.
நாற்பத்தெட்டு.
இன்னும் இருபது ஓட்டம் அவர்களுக்கு.
பனிக்குள்ளிருந்து ஒரு விரல் உயர்கிறது.
மேனேஜர் வானத்தைப் பார்க்கிறார்;
அங்கே பார்க்க இன்று வானமே இல்லை.

இன்ஷாப் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
என் மடியிலிருந்து துணியை எடுத்தான்.
கதிரைக் கையை ஊன்றி, இரண்டு தவணையாக எழுந்து,
போய்க் கம்பியில் போட்டான்.

தோற்றோம். சந்தருவனின் யோர்க்கர் வரவில்லை.
கபிலேஷ் யாரோடும் பேசாமல்
ஸ்டேஷனுக்கு நடந்தான்,
பை ஒரு தோளில், மறு தோள் ஆடிக்கொண்டு.

இரவு மார்ச் பக்கத்தைப் புரட்டினேன்.
சிவப்புப் பேனா தீர்ந்திருந்தது.
48ஐ வெட்டி, கறுப்பிலேயே எழுதினேன்: 53.
ஓரத்தில் என் கையொப்பம்.