பிஸ்கற்

மாட்டுக்குப் போடுகிற அளவைப்
பத்தால் பெருக்க வேண்டும்.
மூன்று தரம் கணக்குப் பார்த்தும் கை கூசியது.
இவ்வளவையும் ஒரு எருமைக்கு ஏற்றினால்
நாளைக்குக் கிரானில் என் கந்தோர்க் கண்ணாடி மிஞ்சாது.

இது குதிரை.
கல்குடாக் கடற்கரையில்
வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுமப்பது.
பெயர் பிஸ்கற். நிறமும் அதேதான்.
பின்னங்காலில் முள்ளுக்கம்பி
ஒரு சாண் நீளத்துக்குத் தோலை உரித்திருந்தது.

கழுத்து நரம்பில் ஊசி. மெதுவாக.
"இனி ஆரும் கதைக்கப்படாது."
ஆதம்லெவ்வை போனை நிறுத்திச்
சாரன் மடிக்குள் செருகினார்.

முதலில் காதுகள்,
ஆளுக்கொரு பக்கம் சரிந்தன.
பிறகு கீழுதடு தொங்கியது.
பிறகு தலை,
கிணற்றுக்குள் விடுகிற வாளிபோல
பிடிபிடியாக இறங்கி
முழங்காலடியில் நின்றது.
கால்களை மட்டும் அகட்டி வைத்துக்கொண்டது,
தோணியில் எழும்பி நிற்பவன் மாதிரி.
விழ அதற்கு அனுமதியில்லை.
தின்ன வருவது எதுவானாலும்
நின்றுகொண்டே காத்திரு என்று
எலும்புக்குள் எப்போதோ எழுதியாயிற்று.

நெஞ்சில் குழாயை வைத்தேன்.
டப்.
டப்.
டப்.
பிறகு ஒன்றுமில்லை.
கடல் ஒரு அலையை முழுதாகப் போட்டு முடித்தது.
டப்.

இது படித்ததுதான்.
மெல்ல, என்கிறது மருந்து;
இதயம் சொன்னதற்கும் மேலாகக் கேட்டுவிடுகிறது.
சோதனையில் இதை எழுதி எண்பது புள்ளி எடுத்தேன்.
அந்த எண்பதுக்குள் இந்த அலை இல்லை.

ஆதம்லெவ்வை கண்ணால் கேட்டார்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.
முழுப் பொய்யில்லை.

ஏழாவது தையலில்
வேலிக்கு அப்பால் ஒரு தேங்காய் விழுந்தது.
தலை அசையவில்லை. இமை திறக்கவில்லை.
கால் மட்டும் வந்தது.
என் காதோரம் காற்று,
பின்னால் பிளாஸ்ரிக் வாளி இரண்டு துண்டு.
இத்தனை ஆழத்திலும்
காலை மட்டும் காவலுக்கு விட்டுப் போயிருக்கிறது.

மிச்சத்தை விலாவோடு ஒட்டி நின்று தைத்தேன்,
இடது கையை அதன் தொடையிலிருந்து எடுக்காமல்,
நான் எங்கே நிற்கிறேன் என்று
அதற்குத் தெரிந்துகொண்டே இருக்கட்டும் என்று.

முக்கால் மணித்தியாலம்.
ஒரு காது திரும்பியது.
பிறகு மூத்திரம்: நிற்காமல், மணல் குழிந்து நுரைக்க,
எங்கள் இருவர் செருப்பும் நனைய.
அதுவும் மருந்தின் வேலைதான்.
"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஆதம்லெவ்வை,
நானும் சிரித்துவிட்டேன்.

அவர் போனைத் திறந்தார்.
பதினொரு மிஸ்ட் கோல், எல்லாம் ஹோட்டல் மனேஜர்.
நாலு மணிக்குச் சவாரி இருக்காம்.

பிஸ்கற்றின் உதடு
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.