தையல் பிரிச்ச பொறவு

தெய்வசிகாமணி அண்ணா,
குடலிறக்கத்துக்குப் போட்ட தையல் பதினொண்ணு.
இருமாதீங்க, தும்மாதீங்க, முக்காதீங்கன்னாரு டாக்டர்.
சிரிக்காதீங்கன்னு சொல்லலை.
உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு
அது தேவைப்படாதுன்னு விட்டிருப்பாரு.

அதனால நான் சொல்றேன்:
இந்த நாவலை வியாழக்கிழமை வரைக்கும்
தலகாணிக்கு அடியிலயே வைங்க.
அட்டை இல்லை. எழுதினவர் பேரும் அதோட போச்சு.
கோபி பஸ் ஸ்டாண்டுப் பழைய கடையில
ஒரு பொட்டலம் கடலை விலைக்கு வாங்கினது.

கதை இவ்வளவுதானுங்:
உண்டியலுக்குக் குனிஞ்ச ரங்கணக் கவுண்டரோட பல்செட்டு
கழண்டு உள்ள விழுந்துருது.
விழுந்ததெல்லாம் அம்மனுக்குச் சொந்தம்.
பல்லுக்கு ஒரு பதிவேடு,
பதிவேட்டுக்கு ஒரு குமாஸ்தா,
மேல்வரிசை கருவறைக்கா கருவூலத்துக்கான்னு
ரெண்டு கட்சி, கட்சிக்கொரு வக்கீல்.
கவுண்டர் நாப்பத்தெட்டு நாளா
கம்மங்கூழ் மட்டும் குடிச்சுட்டுக் கெடக்க,
விரதமாக்கும்னு ஊரே வந்து கால்ல விழுகுது.

உங்க புருவம் ஏறுது, பார்க்கறேன்.
சாமியைக் கிண்டல் பண்றதோன்னு நானும் பயந்தேன்,
ஞாயித்துக்கிழமை ஆராதனை தவறாத எப்சிபா.
ஒம்பதாம் அத்தியாயத்துல எங்க ஆளு வர்றாரு,
காணிக்கைப் பைக்கு வலை போடக் கமிட்டி கூட்டறாரு.
எங்க உண்டியலுக்கு வாய் சிறுசு, பல்லு நுழையாதுன்னு
பள்ளிவாசல்காரர் பெருமைப்பட்டுக்கறாரு.
ஒருத்தரும் தப்பலீங்.
அம்மன் மட்டும் தப்பிச்சா;
அவளைப் பார்த்து இதுல யாரும் சிரிக்கறதில்லை,
அவளுக்காக மீசை முறுக்கறவங்களைப் பார்த்துத்தான்.

ராத்திரி டூட்டி, ஒண்ணரை மணி,
ஊசித் தட்டோட நின்னுட்டே படிச்சுச் சிரிச்சேன்.
மூணாம் படுக்கைக்குத் துணைக்கு வந்த பவானிக்காரம்மா
பேய் புடிச்சுதாக்கும்னு எந்திரிச்சு
என்ற நெத்தியில திருநீறு வெச்சுட்டாங்க.
துடைக்கத் தோணலீங்.
விடிஞ்சதும் அதை ஆயரம்மா பார்த்துட்டாங்க.

பறிமுதல்னு சொல்லி ஆயரே வந்து கொண்டு போனாரு.
மூணு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தது,
எம்பத்தெட்டாம் பக்கத்துல டீக்கறையோட.
கறையைப் பாருங்க:
சிந்தினதில்லை, பீறிட்டது.

உங்க கோயில் சங்கதி வார்டு பூராத் தெரியும்.
தேர்வடத்தை எந்தப் பங்காளி மொதல்ல தொடறதுன்னு
ஆறு வருஷமாக் கேசு.
கதவுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி உங்க அரணாக்கயித்துல.
ஆபரேசனுக்குப் போறப்பவும் அவுக்க மாட்டேன்னு
மயக்க டாக்டரோட மல்லுக்கு நின்னீங்க.
நாந்தான் வாங்கி வெச்சிருந்தேன்.
ரெண்டு மணிநேரம் உங்க அம்மன் வாசல்
என்ற கோட்டுப்பையில,
தெர்மாமீட்டருக்கும் வசன அட்டைக்கும் நடுவுல.
ஒண்ணும் ஆகலீங்.
சிரிப்புத்தான் முட்டுச்சு. தியேட்டர் ஆச்சேன்னு அடக்கிட்டேன்.
மயக்கம் தெளியறப்ப நீங்க மொதல்ல சொன்னது
பொண்டாட்டி பேரு இல்லை, பிள்ளை பேரு இல்லை,
கேசு நம்பரு.

சிரிப்பு மருந்துன்னெல்லாம் சொல்ல மாட்டேன்.
மருந்து குடுக்கறது என்ற பொழப்பு, அதோட அளவு தெரியும்.
ஆனா கட்டை இறுக்கிக்கிட்டே போனா
உள்ள புண்ணு ஆறுமுங்களா?
சித்தெ தளர்த்தணும்.

பொறுக்க முடியலை, இப்பவே பிரிக்கறேன்னா
இருமலுக்குச் சொன்னாப்பல
தலகாணியை வயித்தோட அணைச்சுக்கங்க.
நூத்தி நாப்பத்தொண்ணாம் பக்கம்,
உண்டியல் எண்ணற அன்னைக்கு,
சில்லறைக்குள்ள இருந்து மேல்வரிசை மெதுவா...
வேண்டாம், சொல்ல மாட்டேன்.
அங்க வந்ததும் மணியை அமுக்குங்க.
ட்ரிப்ஸ் தீந்துருச்சாக்கும்னு பக்கத்துப் படுக்கை நெனைக்கட்டும்.
ராத்திரி ரெண்டு மணின்னாலும் வருவேன்.
நான் ஆறு தரம் படிச்சாச்சுங்.
இன்னொருத்தர் படிச்சு நான் கேட்டதில்லை.