இருபது மில்லிமீட்டர்

கொவென்றியில் ஜனவரி.
வாடகைக் கராஜின் தகரத்தில் மழை.
பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கினோம்;
குகநேசன் அதைத் தன் மகளின்
பிய்ந்த மெத்தையில் கிடத்தினான்.

புதியதும் அதே சாதி.
பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை,
வயிறு உப்பிய முக்கோணங்கள் இரண்டு
சுற்றிச் சுற்றி வெடிக்கும்.
ஒவ்வொன்றும் பத்து மில்லிமீட்டர் கூடத் தடிப்பு,
அவ்வளவுதான்.

அந்தப் பெருவிரல் அகலத்துக்கு
ரேடியேட்டர் முன்னே நகர்ந்தது,
குறுக்குச் சட்டத்தை அறுத்தோம்,
மூன்று ஞாயிறுகள் போயின,
என் மாதச் சம்பளமும்.

இரவு பதினொன்றுக்குப் பற்றியது:
இருமி, விக்கி,
தாளம் தப்பித் தப்பி,
நீலப் புகை.

எதிர்வீட்டு மிஸ்ஸிஸ் ஹாரப்
நைட்கவுனோடு வந்தாள், திட்டத்தான்.
குடையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டாள்.
"இதுக்கு ஏதும் வருத்தமோ?"

இல்லை என்றேன்.
பெட்ரோல் முள் மட்டும்
எங்களைப் பார்க்காமல்
இறங்கிக்கொண்டிருந்தது.