நாலாவது போல்ட்

பின்சீட்டைக் கழற்ற நாலு போல்ட்.
மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன.
நாலாவது,
முப்பது வருஷத் துருவோடு
அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.
நிபால்தோ அதன் தலையில் எண்ணெய் ஊற்றிவிட்டு
மாத்தே குடிக்க உள்ளே வந்தான்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.
அந்த நாளைக்கு ஒன்பது நாள் ஆனது.

கொய்யைக்கேயில் ஜூன் அப்படித்தான்.
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு,
ஈர விறகு, கண்ணைக் கரிக்கும் அடுப்பு.
ஜனவரியைப் பற்றிப் பேச
அதைவிட நல்ல மாதம் கிடையாது.

வண்டி தொண்ணூற்றொன்றாம் வருஷத்து சுசுகி.
பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னால் ஒன்று.
மாட்டு டாக்டர் ஒருவரிடம் வாங்கியது;
மழை பெய்தால் இன்னும் ஆட்டுவாடை.
என் தங்கை யஸ்னா ஒரு சுற்று சுற்றி வந்தாள்,
"இதிலா நாலு பேர்?" என்றாள்.
சிரிக்கக்கூட இல்லை.

பத்தாம் நாள் போல்ட் வந்தது, சீட்டும் வந்தது.
வெறுமையான தகரத்தில் அயிலீன் ஏறி உட்கார்ந்து
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"நான் எதில் உட்கார்ந்து வருவேன்?"

அவளுக்கு ஆறு வயது.
எங்கள் இருவருக்கும் சேர்த்து எண்பத்தொன்று.

சீட்டை மறுபடி பூட்டினோம்.
புது போல்ட் ஒன்று வாங்கினோம்.
பழையதை ஏனோ எறியவில்லை நான்,
கோட்டுப் பைக்குள் கிடந்தது.

பிறகு பலகை.
மடக்கிய சீட்டின்மேல் விரிகிற மாதிரி,
பழைய சமையலறை அலமாரியின் கீல் வைத்து.
பிள்ளைகள் இருவரும் வண்டிக்குள்,
நாங்கள் வெளியே கூடாரத்தில்.
பல்தசாரைத் தரையில் படுக்கவைத்து
உச்சி முதல் குதிகால் வரை டேப் பிடித்தோம்.
மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்,
எக்ஸ்ரே எடுப்பதுபோல.
அவன் நீளத்துக்கு ஒரு விரற்கடை கூட்டி அறுத்தான் நிபால்தோ.
அதற்குமேல் வண்டியில் இடம் இல்லை.

மின்சார பில்லின் பின்பக்கம் என் பட்டியல்.
இருக்க இடம் கொடுத்தால்
படுக்கப் பாய் கேட்கிற சாமான்கள்:
அடுப்பு வந்தால் அடுப்புக்குக் காற்றுத்தடுப்பு,
விளக்கு வந்தால் விளக்குக்கு பேட்டரி,
இருபது லிட்டர் தண்ணீர் கேன்.
"ஏரிக்குத்தானே போகிறோம்?" என்றான்.
கேனை அடித்தேன்.
மடக்கு நாற்காலிகளை அடித்தேன்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பான பட்டியலில்
கடைசிவரை அடிபடாமல் நின்றது
நானே தைத்த நீலத் திரைச்சீலை.
யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஜனவரி.
ஹெனரல் கரேரா ஏரி,
பாதி தூரத்துக்கு மேல் சரளைக்கல்.
பற்களெல்லாம் ஒன்றோடொன்று அறிமுகமாயின.
வண்டி கறுப்பு.
குதிரை ஈக்களுக்குக் கறுப்பென்றால் உயிர் என்று
ஏழு மாதத் திட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே வெந்தோம்.

இரவு பலகையை விரித்தோம்.
கீல் பிடித்தது. கால்கள் நின்றன.
நிபால்தோ அதைத் தட்டிப் பார்த்தான்,
குதிரை வாங்குகிறவன் மாதிரி.
பல்தசார் ஏறிப் படுத்தான்.
கதவைச் சாத்தப் போனேன்.
சாத்தவில்லை.

ஜூனில் மூச்சை அடக்கிக் கிடந்தவன்
அதற்குப்பின் எப்போது
அந்த மூன்று விரற்கடையை வளர்ந்தான்?
அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டு
கூடவேதான் இருந்தேன் நான்.

முழங்காலை மடக்கிப் படுக்கிறேன் என்றான்.
வேண்டாம் என்றான் நிபால்தோ, சட்டென்று.
கதவைத் திறந்தே விட்டோம்.
வெளியே மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் தலையணை வைத்து
அவன் காலுக்கு இடம் செய்தோம்.
அயிலீன் கிடைத்த மூலையையெல்லாம் சேர்த்துக்கொண்டு
குறுக்காகத் தூங்கினாள்.

நள்ளிரவுக்குமேல் காற்று எழுந்தது.
கூடாரத்திலிருந்து பார்த்தேன்:
கம்பளிக் காலுறை இரண்டு,
நட்சத்திரத்தைப் பார்த்தபடி.
எழுந்துபோய்
நீலத் திரையால் மூடினேன். பறந்தது.
இன்னொரு முறை மூடினேன்.
கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
துரு, சில்லென்று.

திரையின் ஓரத்தை அதில் சுற்றி
பெட்டியின் இடுக்கில் செருகினேன்.
அசையவில்லை.
அதற்குத்தான் அது தெரியுமே.