இரண்டாவது ஓட்டை

இருநூற்றேழைக் காலி செய்தவர்கள்
மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில்
விட்டுப்போனது
ஒற்றைச் சாக்ஸ்,
ஒரு எக்ஸ்ரே உறை,
ஒரு மவுத் ஆர்கன்.

ஜபருல்லா பாய் நோட்டில் எழுதிக்கொண்டார்.
மூன்று மாதம் ஆளோ போனோ வராவிட்டால்
எடுத்தவருக்கே என்பது
பாபு ராவ் தெருவில் எங்கள் லாட்ஜ் சட்டம்.
சாக்ஸை யாரும் கேட்கவில்லை.
இதையும்தான்.

கைக்கு வந்த அன்றே தப்பு செய்தேன்.
யார் வாய் வைத்ததோ என்று
சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
உள்ளே மரமாம்.
உப்பி, பல்லைப்போல வெளியே துருத்தி
உதட்டைக் கிழித்தது.
மொட்டைமாடியில் மூன்று நாள் காய்ந்தது.
வேலூர் வெயில்
வடகத்துக்கு அடுத்து
ஒழுங்காய்ச் செய்த வேலை அது.

பத்து ஓட்டை.
ஒன்றைக் கேட்டால்
மூன்று சேர்ந்து பதில் சொல்லும்,
ஒரு கதவைத் தட்டினால்
காகிதப்பட்டறைச் சந்தே எட்டிப்பார்ப்பதுபோல.
விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவியுங்கள் என்கிறான்
போனில் ஒரு பையன்.
விசிலடிக்க என்னை
எந்தக் காலத்தில் விட்டார்கள்?

ஊதுவது பழக்கம்தான்.
அடுப்பை ஊதியிருக்கிறேன்,
ஆறாத டீயை, சிராய்த்த முழங்காலை,
சின்னவன் கண்ணில் விழுந்த தூசியை.
இழுப்பதுதான் வரவில்லை.
அதே ஓட்டையில்
ஊதினால் ஒரு சத்தம், இழுத்தால் வேறு.
மூச்சை உள்ளே வாங்குவது
யார் காதிலும் விழக்கூடாத காரியமென்று
நாற்பத்துமூன்று வருஷம் இருந்துவிட்டு
இப்போது சத்தமாய் வாங்கு என்றால்
தலை சுற்றுகிறது, நிஜமாகவே.
தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பூங்காவனம், மாடியில
ஆட்டுக்குட்டி எதுனா கட்டி வெச்சிகிறியா?"
நூற்றுப்பன்னிரண்டில் யாருக்கோ தூக்கம் போச்சாம்.
மோட்டார் போடும் நேரம் குறிப்பதுபோல
பாய் எனக்கும் குறித்துக்கொடுத்தார்.
மூன்றிலிருந்து நான்கு.

அந்த நேரத்தில்தான் மாடியேறி வருவாள்
மிட்னாபூர்க்காரி.
நெஞ்சில் நீளத் தையல்,
ஒரு கையில் தலையணை,
மறு கையில் ஆஸ்பத்திரி கொடுத்த
மூன்று பந்து பிளாஸ்டிக் டப்பா.
குழாயை உறிஞ்சினால் பந்து ஏற வேண்டும்.
அவசரப்பட்டால்
எல்லாம் குதிக்கும், எல்லாம் விழும்.
அவள் ஒருநாள்
நிறைகுடத்தைச் சிந்தாமல் இழுப்பதுபோல
இழுத்தாள், இழுத்தாள்.
இரண்டாம் பந்து போய்
அங்கேயே நின்றது.
பார்த்தபடியே நான்
நாலாவது ஓட்டையை இழுத்தேன்.
ஒன்றே ஒன்று.
தனியாக.
அக்கம்பக்கம் வாய் திறக்கவில்லை.

அவளுக்குத் தமிழ் வராது,
எனக்கு அவள் பேச்சு வராது.
டப்பாவை அவள் தூக்கிக் காட்டினாள்,
இதை நான்.
பிறகு இரண்டு பேருக்கும்
மறுபடி விழுந்தது.

பாட்டு எதுவும் இன்னும் வரவில்லை.
வந்தது,
காட்பாடி ஸ்டேஷனில்
அறிவிப்புக்கு முன்னால் அடிக்கும் மணி.
மூன்று சத்தம்தான்.
ஊதி, இழுத்து, ஊதி.
வாசித்த முதல் நாள்
கீழ் வராந்தாவுக்குப் பெட்டியோடு
ஓடிவந்துவிட்டார் ஒருவர்,
டிக்கெட்டைச் சட்டைப்பையில் தடவியபடி.
அவருக்கு ரயில் வியாழக்கிழமை.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்
அந்த வராந்தாவில்
அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.
மிட்னாபூர்க்காரி
தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சிரித்தாள்,
வலிக்கிறது, நிறுத்து என்று
கையைக் காட்டிக்கொண்டே.

இரண்டாவது ஓட்டை மட்டும் இழுத்தால்
தொண்டை கட்டியவன் மாதிரி பேசுகிறது.
எல்லோருக்கும் அப்படித்தானாம்,
போன் பையன் சொல்கிறான்.
இருக்கட்டும்.

மணி நாலு.
மாடிப்படி துடைக்காமல் கிடக்கிறது.
முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குகிறேன்.
பினாயில் பக்கெட்டைத் தூக்கும்போது
இழுக்கிற மூச்சு
சும்மா போக மாட்டேன் என்கிறது.